காரைக்குடி பழம்பொருள் கடை: எங்கள் பிளாட்டுக்கு வாங்கியவை

முனீஸ்வரன் கோவில் தெருவில் மரச்சாமான் அதிகமுள்ள கடை ஒன்றில் வாங்கினோம். பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, சுவீடன், ஜப்பான் முத்திரையுள்ள எனாமல் பாத்திரங்கள் என்று செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் கடல்தாண்டிக் கொண்டுவந்தவை கூரைவரை அடுக்கியிருக்கின்றன. பார்க்கவே அரை நாள் வேண்டும்.

எனக்குத் தூண்மேல்தான் ஆசை. எங்கள் கோவை பிளாட்டின் அளவைக் கேட்ட கடைக்காரர், "கூடத்தை அடைச்சிரும்மா, இதைப் பாருங்க" என்று விலை குறைந்த ஜன்னல் கதவைக் காட்டினார். அந்த நேர்மைக்கே மறுபடி போவேன். சாம்பல் நிற சோபாவுக்குப் பின்னால் அந்தக் கதவு, பக்கத்தில் நீல விளிம்புத் தட்டுகள். மற்ற சுவர்களை வெறுமையாக விட்டதால்தான் இவை எடுபடுகின்றன.

தரைக்கு ஆத்தங்குடிக் கல்லை, அதாவது பூவேலைத் தரை ஓட்டை, அந்த ஊரிலேயே சொல்லிச் செய்தோம். கண்ணாடிமேல் சாயக் கலவை ஊற்றிக் கையால் வார்ப்பது, சூளையில் சுடுவதில்லை. துடைக்கத் துடைக்க மெருகேறும். ஆசிட் மட்டும் ஆகாது.

கடையில் விலைச்சீட்டு கிடையாது, பேரம் பேசத்தான் வேண்டும். புது மரத்துக்குச் சாயம் பூசிப் பழசென்று விற்பதும் இந்தத் தொழிலில் உண்டு. எதையும் திருப்பிப்போட்டு ஆணியையும் இழைப்புத் தடத்தையும் பார்த்து வாங்குங்கள்.