அல்சூர் ஆபீஸ் இங்கிலீஷ் கிளாஸ்: 'பெரூசல்' ஒண்ணுக்கே குடுத்த காசு சரியாப் போச்சு

பெங்களூர் அல்சூர்ல வீக்கெண்ட் கிளாஸ், ரெண்டு மாசமா போறேன், நம்பி சேரலாம். எட்டு வருஷமா மெயில்ல 'ஃபார் யுவர் கைண்ட் பெரூசல்'னு போட்டுட்டே இருந்தேன், சும்மா ஒரு பார்வை பாருங்கன்னுதான் அர்த்தம்னு நெனச்சு. மேடம் என் வரியையே போர்டுல எழுதி, பெரூஸ்னா நிதானமா வரி வரியா படிக்கிறது, ஆனா மேலோட்டமா புரட்டுறதையும் இப்ப சிலர் அப்படித்தான் சொல்றாங்க, அதனால படிக்கிறவங்க ரெண்டு விதமா எடுத்துப்பாங்கன்னு சொன்னாங்க. அக்ரிமென்ட், டெண்டர்னா ஓகே, டீம் லஞ்ச் லிஸ்ட்டுக்கு 'ப்ளீஸ் ரீட்' போதும்னு சாக்பீஸால அடிச்சு திருத்தினாங்க. பெரூஸ் வினை, பெரூசல் பெயர்ச்சொல், இதக்கூட இப்பதான் பிரிச்சுப் பாக்குறேன். புரியலன்னா தமிழ்லயே சொல்லித் தர்றாங்க, எனக்கு அதுதான் பெரிய விஷயம். ரூம் சின்னது, பைக் நிறுத்த இடம் கெடையாது, மெட்ரோல வந்துடுங்க.