அட்டுவம்பட்டியில் ஐந்தாண்டுகள்

அருப்புக்கோட்டை வெயிலில் வளர்ந்த நான், மகளிரியலில் முனைவர் பட்ட ஆய்வுக்காக 2016-இல் கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டிக்கு ஏறி, ஐந்தாண்டுகள் கழித்தே இறங்கினேன். அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் சேர எண்ணும் பெண்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது குளிரைப் பற்றித்தான். எதைப் படிக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஏனெனில் அந்த இடம் பொருந்துமா என்பது அதைப் பொறுத்தே அமையும்.

1984-இல் சட்டமியற்றித் தொடங்கப்பட்ட இது, தமிழ்நாட்டில் பெண்களுக்கென்று உள்ள ஒரே அரசுப் பல்கலைக்கழகம். ஆள் எண்ணிக்கை குறைவு என்பதால் பிற துறை மாணவியரும் சில வாரங்களிலேயே பழகிவிடுவார்கள். என் ஆய்வேட்டின் அட்டவணைகளில் இருந்த கூட்டல் பிழைகளைக் கண்டுபிடித்தவள், இரவு உணவின்போது எதிரில் அமரும் இயற்பியல் மாணவி ஒருத்திதான்.

என் ஆய்வுப்பொருள் மலைப்பூண்டு விளைவிக்கும் ஊர்களில் கூலி வேலை செய்யும் பெண்களைப் பற்றியது. சமவெளிப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்திருந்தால், அவ்வூர்களில் ஒன்றான பூம்பாறைக்கு ஆண்டுக்கு இருமுறை வந்து வினாநிரலை நிரப்பிக்கொண்டு திரும்பியிருப்பேன். மலையிலேயே குடியிருந்ததால், விதைப்பு, களையெடுப்பு, அறுவடை, பூண்டைக் கட்டுகளாகப் பிணைத்துப் புகையில் உலர்த்துவது என ஒவ்வொரு வேலையையும் அதனதன் பருவத்தில் பார்க்க முடிந்தது, முதல் ஆண்டில் "எழுதிக்கிட்டுப் போய் என்ன செய்யப் போற?" என்று கேட்ட அக்காமார், மூன்றாம் ஆண்டில் கூலிக் கணக்கைத் தாமாகவே சொல்லத் தொடங்கினார்கள். அந்தப் பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கேட்க வேண்டிய கேள்விகளும் மாறின. ஓர் அத்தியாயத்தை முழுவதுமாக மாற்றி எழுதினேன்.

சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் வாழ்வதற்குச் சில ஏற்பாடுகள் தேவை. குளிரைக் காட்டிலும் ஈரமே தொல்லை தருவது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் துவைத்த துணி நான்கு நாள்களானாலும் காயாது. புத்தக அட்டைகளில் பூஞ்சை படரும். ஊரிலிருந்து கம்பளி ஆடை வாங்கிச் சுமந்து வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். மதுரை ஆரப்பாளையத்திலிருந்து பேருந்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் என்பது சாதாரண நாள்களின் கணக்கு. மே மாதச் சீசனில் மலைப்பாதையில் வண்டிகள் நகராமல் நிற்பதால், நேர்முகத் தேர்வு போன்ற அவசியங்களுக்கு முந்தைய நாளே இறங்கிவிடுவது நல்லது. வத்தலக்குண்டைத் தாண்டியதும் தொடங்கும் வளைவுகளில் எனக்கு ஐந்தாவது ஆண்டிலும் தலைசுற்றல் நிற்கவில்லை.

2018-ஆம் ஆண்டைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியை அந்த ஆண்டில்தான் கண்டேன். அதே ஆண்டு நவம்பர் 16-இல் கரையைக் கடந்த கஜா புயல், கடலோர மாவட்டங்களைக் கலைத்துவிட்டு மலையையும் விடவில்லை. மரங்கள் விழுந்து பாதைகள் அடைபட்டன; மின்சாரம் பல நாள்கள் வரவில்லை. மடிக்கணினியில் மட்டுமே வைத்திருந்த களக்குறிப்புகளைத் தொட முடியாமல் தவித்த அந்த வாரத்திற்குப் பிறகு, எல்லாவற்றையும் தாளிலும் எழுதிவைக்கும் வழக்கம் வந்தது.

பட்டத்தை மட்டும் நாடுவோர்க்கும், வாரந்தோறும் வீட்டுக்குப் போய்வர நினைப்போர்க்கும் மதுரையே வசதி. வேளாண்மை, சுற்றுலா, மலைவாழ் மக்கள், பெண்களின் உழைப்பு ஆகியவற்றுள் ஒன்றை ஆராய்பவர் தயங்காமல் ஏறலாம். 2024 மே மாதம் முதல், உயர்நீதிமன்ற உத்தரவின்படி வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் தேவைப்படுகிறது. சென்ற ஆண்டு பூம்பாறை அக்கா ஒருவரின் மகள் திருமணத்திற்குக் காரில் கிளம்பியபோது, நானும் வெளியூர்க்காரியாகப் பதிவு செய்துகொண்டுதான் மலையேறினேன்.