ஈபேர்ட்: பருந்தைக் கழுகாக்க விடாத செயலி

பள்ளிக்கரணையில் நடைபோகும்போது மூன்று வருடமாக ஈபேர்ட் (eBird) செயலியில்தான் பறவைகளைக் குறித்து வருகிறேன். 2002இல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும், பறவைப் பாதுகாப்புக்கான ஆடுபன் சங்கமும் தொடங்கியது. இலவசம்.

யார் வேண்டுமானாலும் எதையும் பதியலாமே, அப்புறம் ஆய்வாளர்கள் அந்தத் தரவை எப்படி நம்புவது என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. ஒருநாள் மைனா 4 என்று அடிக்கப்போய் 400 என்று அடித்துவிட்டேன். உடனே செயலி சந்தேகப்பட்டு எச்சரித்தது. ஒவ்வொரு பகுதிக்கும் மாதத்துக்கும் எந்தப் பறவை எத்தனை இருக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

வேறொரு நாள் ‘பெரிய புள்ளிக் கழுகு’ என்று பெருமையாகப் போட்டேன். தன்னார்வ மதிப்பாய்வாளர் ஒருவர் பணிவாக மின்னஞ்சலில் விளக்கம் கேட்டார். படத்தை அனுப்பப் போனபோதுதான் எனக்கே தெரிந்தது, வால் பிளந்திருந்தது. ஊரெல்லாம் சுற்றும் கரும்பருந்து! திருத்திவிட்டேன்.

எனக்குப் பிடித்தது, ‘அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா?’ என்ற கேள்வி. ஆம் என்றால், பட்டியலில் இல்லாத பறவை கண்ணில் படவில்லை என்பதும் ஆய்வாளருக்குத் தகவலாகிறது. காக்கையை விட்டுவிட்டு அரிய பறவையை மட்டும் எழுதுகிறவர்கள் ‘இல்லை’ என்று அழுத்திவிடுங்கள்.

ஐந்துக்கு நாலரை. வெயிலில் திரை தெரியாத அரை மதிப்பெண் என் போனின் பாவம்.