அணுவைக் குவிக்கும் லேசரா, எலக்ட்ரான் கற்றையா?

நேனோ அளவில், அதாவது மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்த அளவில், கோடு வரைய வேண்டும் என்றதும் எல்லோரும் கேட்பது, "எதில் கோடு மெலிசாக வரும்?" என்றுதான். அந்தக் கேள்வியோடு நின்றால், லேசரால் அணுக்களைக் குவித்துக் கோடு போடும் முறையை எலக்ட்ரான் கற்றை சுலபமாக ஜெயித்துவிடும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை எவ்வளவு நம்பலாம் என்றும் கேட்டுப் பாருங்கள். ஆட்டமே மாறிவிடும்.

முதலில் லேசர் முறை. உலையில் சூடாக்கிய குரோமியம் அணுக்கள் கற்றையாகக் கிளம்பி, வெற்றிடத்தின் வழியே சிலிக்கான் தகட்டை நோக்கி வருகின்றன. பக்கவாட்டில் சிதறி ஓடும் அணுக்களை ஒரு லேசர் குளிர்வித்து நேராக்குகிறது. தகட்டை ஒட்டினாற்போல இன்னொரு லேசரின் ஒளி கண்ணாடியில் பட்டு, வந்த வழியே திரும்புகிறது. போகும் அலையும் திரும்பும் அலையும் சேர்ந்து, ஒளி மிகுந்த இடமும் ஒளியே இல்லாத இடமும் மாறி மாறி நிற்கும் நிலை அலை உருவாகிறது. இந்த லேசரின் அதிர்வெண்ணை அணுவின் ஒத்ததிர்வைவிட, அதாவது அணு ஒளியை உறிஞ்சும் அதிர்வெண்ணைவிட, கொஞ்சம் கூட்டி வைத்தால், ஒளி மிகுந்த இடத்திலிருந்து அணு விலகி, ஒளியே இல்லாத கணுவை நோக்கித் தள்ளப்படும். அந்த ஒளியைக் கடக்க அணுவுக்கு ஒரு மைக்ரோ வினாடிகூட ஆவதில்லை. அதற்குள் திசை திரும்பி, கணுவுக்கு நேர் கீழே போய் ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு கணுவும் அணுக்களுக்கு ஒரு லென்ஸ். திடப்பொருளைக் கொண்டு ஒளியைக் குவித்தே பழகிய நமக்கு, ஒளியைக் கொண்டு பொருளைக் குவிப்பது எத்தனை அழகான தலைகீழ்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த வியப்பு அடங்குவதில்லை.

1992-ல் பெல் ஆய்வகத்தில் சோடியத்தை வைத்து இதைச் செய்து காட்டினார்கள். சோடியம் காற்றுப் பட்டால் கெட்டுவிடும். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில், காற்றிலும் நிலைத்து நிற்கும் குரோமியத்துக்கு மாறினார்கள். 0.4 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் பரப்பில் கிடைத்த கோடுகளின் அகலம் சுமார் 65 நேனோமீட்டர், உயரம் சுமார் 34, இடைவெளி 212.78.

கவனிக்க வேண்டியது அந்தக் கடைசி எண்ணைத்தான். அது லேசரின் அலைநீளத்தில் சரிபாதி. அந்த அலைநீளமோ குரோமியம் அணுவின் ஒத்ததிர்வோடு கட்டப்பட்டது. உலகின் எந்த மூலையில் செய்தாலும் அதே அணு, அதே இடைவெளி.

எலக்ட்ரான் கற்றைக்கு இந்தப் பிடிமானம் கிடையாது. அது, எலக்ட்ரான் பட்டால் மாறும் ரெசிஸ்ட் என்ற பூச்சின் மேல் புள்ளி புள்ளியாக எழுதும். ஒரு கட்டத்தை முடித்ததும் மேடையை நகர்த்தி அடுத்த கட்டத்தைத் தொடங்கும். இரண்டு கட்டங்கள் சேரும் தையலில் கோடு சில நேனோமீட்டர் பிசகலாம். தகட்டுக்குள் போய்ச் சிதறித் திரும்பும் எலக்ட்ரான்கள் பக்கத்துக் கோட்டையும் தடிக்க வைக்கும். எழுதியபின் ரசாயனத்தில் கழுவி, உலோகம் பூசி, வேண்டாததை உரிக்க வேண்டும். லேசர் முறையில் இந்த வேலையே இல்லை. உலோகம் நேராக இடத்தில் வந்து அமர்கிறது, எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் வளர்கின்றன.

ஆனாலும் மின்சுற்று வரைய வேண்டியவருக்கு லேசர் முறையை நான் சொல்லவே மாட்டேன். அதற்குத் தெரிந்தது திரும்பத் திரும்ப வரும் கோடுகளும் புள்ளிகளும் மட்டுமே. ஒரு மூலையில் வளைவு, நடுவில் ஓட்டை என்றால் அதனால் ஆகாது. குவியத் தவறிய அணுக்கள் கோடுகளுக்கு நடுவிலும் படிவதால், பள்ளம் சுத்தமாக இருக்காது. ஒளிக்கு இசையும் தனிமங்களும் சிலதான். எலக்ட்ரான் கற்றையோ எந்த வடிவத்தையும் வரையும்; 10 நேனோமீட்டருக்குக் கீழேயும் போகும்.

கூரிய ஊசி முனையால் அணுவை ஒவ்வொன்றாக நகர்த்தும் வருடு ஊடுருவு நுண்ணோக்கியையும் (STM) சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். 35 செனான் அணுக்களை நிக்கல் மேல் அடுக்கி எழுத்து வரைந்த சாதனை பெரியதுதான். ஆனால் ஒரு மில்லிமீட்டர் பரப்பை நிரப்ப அது சரிப்படாது.

அளவுகோல் வேண்டுமென்றால் என் தேர்வு லேசர்தான். ஊசி முனையால் பரப்பைத் தடவி மேடு பள்ளங்களை அளக்கும் அணுவிசை நுண்ணோக்கியின் அளவுகளைச் சரிபார்க்க இந்தக் குரோமியக் கோடுகள் பயன்படுகின்றன. எலக்ட்ரான் கற்றை வரைந்த கோடு சரியான இடத்தில் விழுந்ததா என்று பார்ப்பதும் அப்படிச் சரிபார்த்த ஒரு நுண்ணோக்கியாக இருக்கலாம்.