விட்சர் 3: பல வருஷம் விளையாடிய பிறகு அதன் டிஎல்சிகள் பற்றி

விட்சர் 3 என்ற வீடியோ கேமை வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, கேம் மட்டும் போதுமா, டிஎல்சியும் (கேம் வந்த பிறகு தனியாக டவுன்லோடு செய்யும் கூடுதல் பகுதிகள்) சேர்த்து வாங்கணுமா என்பதுதான். பல வருஷமாக இதை அழிப்பதும் மறுபடி இன்ஸ்டால் செய்வதுமாக இருக்கிறவன் சொல்கிறேன், சேர்த்தே வாங்குங்கள்.

2015 மே மாதம் கேம் வந்தபோது அதை உருவாக்கிய சிடி ப்ராஜெக்ட் ரெட் கம்பெனி 16 சின்ன டிஎல்சிகளை, வாரத்துக்கு இரண்டாக, இலவசமாகவே கொடுத்தது. தாடி, முடி, புது உடைகள், சில குட்டி குவெஸ்ட்கள் (கேமுக்குள் முடிக்க வேண்டிய வேலைகள்). கடைசியாக வந்த நியூ கேம் பிளஸ்தான் அதில் பெரிய விஷயம், முடித்த கேமை அதே லெவலோடு திரும்ப ஆரம்பிக்கலாம். 2006-ல் ஆப்ளிவியன் என்ற வேறொரு கேமில் குதிரைக் கவசத்தை மட்டும் இரண்டரை டாலருக்கு விற்றார்கள், அதை நினைத்தால் இதன் அருமை தெரியும்.

காசு கேட்டது இரண்டு பெரிய டிஎல்சிக்குத்தான். அக்டோபரில் வந்த ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன் 10 டாலர், பெரும்பாலும் பழைய மேப்பிலேயே நடக்கிறது. ஆனால் கேமின் ஆரம்பத்தில் ஒயிட் ஆர்ச்சர்ட் சத்திரத்தில் சும்மா பேசிவிட்டுப் போகும் ஒரு ஆளை எடுத்து, மெயின் கதையிலேயே இல்லாத அளவுக்கு ஒரு வில்லனாக்கியிருக்கிறார்கள், அதே சமயம் இதை வாங்காதவனுக்கு மெயின் கதையில் எந்தக் குறையும் தெரியாது. எனக்கு முக்கியம் இதுதான். முடிவை வெட்டி வைத்துக்கொண்டு அப்புறம் விற்பது வேறு, முழுசாகக் கொடுத்துவிட்டு மேலே ஒன்று செய்வது வேறு. (இதில் வரும் ரூன்ரைட் கடையை, அதாவது ஆயுதங்களுக்கு மந்திர சக்தி ஏற்றும் கடையை, முழுசாகத் திறக்க கேமுக்குள் இருக்கும் காசில் 30,000 கிரவுன் கேட்பது மட்டும் அதிகம்.)

2016 மே 31-ல் வந்த பிளட் அண்ட் ஒயின் 20 டாலர், துசான் என்ற ஒரு நாடே புதுசு, கேமின் ஹீரோ ஜெரால்டுக்குத் திராட்சைத் தோட்டத்தோடு சொந்த வீடு. அந்த வருஷம் தி கேம் அவார்ட்ஸில் சிறந்த ஆர்பிஜி (ரோல் பிளேயிங் கேம்) விருதை இந்த டிஎல்சிதான் வாங்கியது, தனி கேம்களோடு போட்டி போட்டு.

கம்பெனிக்கும் இதில் லாபம்தான். என்ஜின், கேரக்டர்கள், டீம் எல்லாம் தயாராக இருக்கிறது, புதுக் கேம் அளவுக்குச் செலவில்லை, பழைய கேமும் தொடர்ந்து விற்கும். ஆனால் அதே கம்பெனி 2023 செப்டம்பரில் தன்னுடைய இன்னொரு கேமான சைபர்பங்குக்கு ஃபேன்டம் லிபர்ட்டி என்ற டிஎல்சியை வெளியிட்டபோது பழைய கன்சோல்களான பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்குக் கொடுக்கவில்லை, இலவச 2.0 அப்டேட்டும் அங்கே போகவில்லை. அந்தக் கன்சோல்களில் முதல் நாளே வாங்கி நம்பிக் காத்திருந்தவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

அதனால் கேம் வருவதற்கு முன்பே எக்ஸ்பான்ஷன் பாஸ் (இனிமேல் வரப்போகும் டிஎல்சிகளுக்கு முன்கூட்டியே காசு கட்டுவது) விற்றால், யார் விற்றாலும் சரி, நான் வாங்க மாட்டேன். விட்சர் 3-க்கு எல்லா டிஎல்சியும் சேர்ந்த கம்ப்ளீட் எடிஷன் இருக்கிறது, ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் சேல் வரும்போது எடுங்கள். லெவல் 30 தாண்டிய பிறகு ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோனைத் தொடங்கி, துசானைக் கடைசிக்கு வையுங்கள்.