தூக்க மாட்டேன் என்று சொன்ன பட்டைக்கடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வண்டிகளுக்கு லீஃப் ஸ்பிரிங், அதாவது சக்கரத்துக்குமேல் அடுக்கடுக்காக வளைந்திருக்கும் இரும்புப் பட்டை, கட்டித் தருகிற இந்தக் கடைக்குப் போர்டு கிடையாது. பெயரும் போட வேண்டாம் என்று கடைக்கார ஆசான் சொல்லிவிட்டார். தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே மெயின் ரோட்டை ஒட்டி, வாசலில் உடைந்த லாரிப் பட்டைகள் குவிந்து கிடக்கும் ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். கேரளாவுக்குக் கல் ஏற்றிப்போகிற டாரஸ் லாரிகள்தான் அவருக்குச் சோறு போடுகின்றன. அந்த வரிசையில் என் ஜீப்பைக் கொண்டு நிறுத்தினபோது கடைப் பையன்கள் பொம்மையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

வண்டி 1968 மாடல் மஹிந்திரா சிஜே3பி. அந்த உயரமான பானெட்டுக்குக் கீழே பழைய ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின் அப்படியே இருக்கிறது, அதை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. அடுத்த வருஷம் இதை ஓட்டிக்கொண்டு இமாச்சல் மலையில் இருக்கிற ஸ்பிதி வரை போக வேண்டும் என்று ஒரு கிறுக்கு. ஆனால் எனக்கு முன்னால் வைத்திருந்தவர் பின்பக்கம் தொய்ந்துபோகிறது என்று இரண்டு தடிப் பட்டைகளை இடையில் செருகி, முன்பக்கம் இரண்டு இஞ்சு நீளம் கூடின ஷேக்கிளையும் (பட்டையின் ஒரு நுனியைச் சேஸிஸோடு இணைக்கிற, ஆடும் கொக்கி) போட்டு வைத்திருந்தார். அறுபதில் போனால் ஸ்டியரிங் தறிகெட்டு அலையும். பள்ளத்தில் விழுந்தால் இடுப்பு பேசும். இதற்கு முன் வேறொரு பட்டறையில் காட்டினேன். அவர்கள் பட்டையைக் கழற்றி, நடுவில் மட்டும் கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி வளைத்துக் கொடுத்தார்கள். நாலு மாசத்தில் பழையபடி தொய்ந்துவிட்டது.

நான் ஆசானிடம் கேட்டது மூணு இஞ்சு லிஃப்ட், அதாவது வண்டியை அவ்வளவு தூக்கிக் கட்டச் சொன்னேன். அவர் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. "மலையில ஓடுற எஸ்டேட் ஜீப்பு எதையாவது தூக்கிக் கட்டிப் பாத்திருக்கியா மக்கா? மொதல்ல கொண்டுபோற சாமானை எல்லாம் ஏத்தி எடை போட்டுட்டு வா. முன்னால தனியா, பின்னால தனியா. அப்புறம் பேசுவோம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. இருந்தாலும் கூடாரம், இரண்டு ஜெர்ரி கேன், ஸ்டெப்னி, டூல்ஸ் பெட்டி, எனக்குப் பக்கத்தில் மச்சான் என்று எல்லாவற்றையும் ஏற்றி எடைமேடையில் முன்சக்கரம் மட்டும் ஏற்றி ஒரு தடவை, பின்சக்கரம் மட்டும் ஏற்றி ஒரு தடவை போட்டேன். முன்னால் 610 கிலோ, பின்னால் 860. அந்தச் சீட்டைப் பார்த்த பிறகுதான் அவர் சாக்பீஸ் எடுத்தார்.

அவர் விளக்கினது எனக்குப் புரிந்த அளவில் இதுதான். பட்டையின் விறைப்பு அதன் தடிமனோடு நேராகக் கூடுவதில்லை, தடிமன் × தடிமன் × தடிமன் என்ற கணக்கில் கூடுகிறது. ஒரே அகலம், ஒரே நீளம் என்றால் 8 மி.மீ. பட்டை ஒன்று 6 மி.மீ. பட்டையைப் போல 2.4 மடங்கு விறைப்பு. அதனால் இரண்டு தடிப் பட்டையைச் செருகினவர் சுமையைத் தாங்க வைக்கவில்லை, ஆட்டத்தைத்தான் நிறுத்திவிட்டார். மெல்லிய பட்டை நிறையப் போட்டால் அதே சுமையைத் தாங்கும், நிறைய வளையும், சீக்கிரம் ஒடியாது. நீள ஷேக்கிளும் வீண், இரண்டு இஞ்சு கூட்டினால் வண்டி ஒரு இஞ்சுதான் உயரும். இந்த ஜீப்பில் முன் ஷேக்கிள் பட்டையின் முன்நுனியில் இருப்பதால் அதை நீட்டினால் அச்சு முன்பக்கம் சாய்ந்து கேஸ்டர் கோணம் (ஸ்டியரிங்கை நேராக நிற்கவைக்கிற பின்சாய்வு) போய்விடும், ஸ்டியரிங் அலைந்தது அதனால்தான். இத்தனை வருஷம் நான் ஸ்டியரிங் பாக்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வேலை நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், இதற்காகவே ஒருநாள் லீவு போடலாம். வளைவைத் தரையில் சாக்பீஸால் வரைந்து, ஒவ்வொரு பட்டையையும் நுனிமுதல் நுனிவரை உலையில் ஒரே சீராகச் சிவக்க வைத்து, வரைந்த கோட்டுக்குச் சரியாக வளைத்து, எண்ணெய் டிரம்மில் முக்குகிறார்கள். அதோடு விட்டால் கண்ணாடிபோல் உடையும், அதனால் திரும்ப இளஞ்சூட்டில் பதம் ஏற்ற வேண்டும். அந்தச் சூடு சரியா என்று பார்க்க மீட்டர் எல்லாம் கிடையாது. காய்ந்த ரப்பர் மரக் கம்பு ஒன்றை எடுத்துப் பட்டைமேல் இழுத்தார். முதல் தடவை வெறும் புகை. கொஞ்ச நேரம் கழித்து இழுத்தபோது கம்பின் நுனியில் சின்னச் சின்னதாகப் பொறி ஓடியது. "ஆச்சு, எடு" என்றார். கீழே போகப்போக ஒவ்வொரு பட்டைக்கும் வளைவு கொஞ்சம் கூடுதல். அடுக்கி வைத்தால் நடுவில் விரல்நுனி நுழையும் இடைவெளி தெரியும், சென்டர் போல்ட்டை முறுக்க முறுக்க அது மூடிக்கொள்கிறது. இடையில் கிராஃபைட் கிரீஸ்.

கடைசியில் உயரம் கம்பெனி கொடுத்ததைவிட ஒரு இஞ்சுகூடக் கூடவில்லை. அதுவும் நல்லதுதான், அச்சுக்கு மேலே பட்டையை மாற்றி உயர்த்தியிருந்தால் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணமும் கெடும், எஃப்.சி.க்குப் போகும்போது ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவையும் வாசித்துக் காட்டுவார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். நாலு நாள் என்றார், பதினொரு நாள் ஆனது. டாரஸ் ஒன்று வந்து நின்றால் உங்கள் வண்டி ஓரத்துக்குப் போய்விடும். பின்பக்க யு ஷேக்கிளில் ஒரு புஷ் இடதுமரை, இடப்பக்கம் திருப்பினால்தான் ஏறும், அதைத் தெரியாமல் கடைப் பையன் வலப்பக்கமாக முறுக்கி மரையை நாசமாக்கினான். அந்தப் புஷ்ஷைத் தேட எனக்கு ஒரு வாரம் பிடித்தது, காசும் என்னுடையது. ஆசான் அதற்கு வருத்தப்பட்ட மாதிரியே தெரியவில்லை. ஷாக் அப்சார்பர் வேலையை இங்கே கொடுக்காதீர்கள், அதில் அவருக்கு நம்பிக்கையே இல்லை. பெயிண்ட் என்று அடித்தது வெறும் கரி நிறத் தண்ணீர்.

நாலு கட்டுக்கும் சேர்த்து, புதுப்பட்டை கிலோ கணக்கு, கூலி தனி, 16,800 ரூபாய். பில் கேட்டால் சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதித் தருவார்.

பேச்சிப்பாறை தாண்டிக் கோதையாறு ரோட்டில் முழுச் சுமையோடு போய்வந்தேன். முன்பு பள்ளம் வந்தால் மச்சான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பான், இந்தத் தடவை குற்றியாறு வருவதற்குள் தூங்கிவிட்டான். சும்மா வண்டியாக ஓட்டும்போது மட்டும் பின்பக்கம் லேசாகத் துள்ளுகிறது, சுமைக்குக் கட்டினது அப்படித்தான் இருக்கும்.

200 கிலோமீட்டர் ஓடினதும் பட்டையை அச்சோடு பிடித்திருக்கும் யு போல்ட்டை மறுபடி முறுக்க வரச் சொன்னார். சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன், நாலு நட்டும் அரைச்சுற்றுக்கு மேல் ஏறியது. அதற்குக் காசு வாங்கவில்லை. போகிறவர்கள் காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் உலை மூட்ட மாட்டார். ரொக்கம் கொண்டுபோங்கள், ஜிபே உண்டுதான், ஆனால் அந்த ஃபோன் மருமகளிடம் இருக்கிறது, மருமகள் குலசேகரத்தில் இருக்கிறார்.