நண்பரின் நாய்க்கு அவசர சிகிச்சை: சும்மா கொடுப்பதா, கைமாத்தா, வசூலா?

மனிதருக்கு முடியவில்லை என்றால் மதுரையில் பெரியாஸ்பத்திரி இருக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, சொந்தபந்தம் ஓடிவரும். நாய்க்கு முடியவில்லை என்றால் வளர்ப்பவர் மட்டும்தான். இரவு பத்து மணிக்கு வாந்தியும் ரத்தபேதியுமாகத் துவண்டு கிடக்கும் நாயைத் தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனால் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், டிரிப்ஸ், ஊசி என்று செலவு வரிசையாக வரும். அந்த நேரத்தில் நண்பர் நமக்குப் போன் போட்டு, "மாப்ள, காசு கேக்குறேன்னு தப்பா நெனைக்காத" என்று ஆரம்பிக்கிறார்.

அவருக்கு எப்படி உதவுவது? சும்மா கொடுத்துவிடலாம். கைமாத்தாகத் தரலாம். நம் கார்டைத் தேய்க்கலாம், நகையை வைக்கலாம். நாலு பேரிடம் வசூல் செய்யலாம். செலவு குறைந்த இடத்துக்கு நாயைக் கொண்டுபோகக் கூட நிற்கலாம். இதில் எது சரி என்பது நம் தாராள மனதைவிட நாய்க்கு வந்திருக்கும் நோயைப் பொறுத்தது என்று நினைக்கிறேன். நோய்க்கு நோய் பில் வரும் விதமே வேறு.

பில் எப்படி வரும்?

குட்டிகளைப் பிடிக்கும் பார்வோ என்ற வைரஸ் நோயை எடுத்துக்கொள்வோம். வழக்கமான சிகிச்சை அந்த வைரஸைக் கொல்வதில்லை. வாந்தி பேதியில் போகும் நீரையும் உப்பையும் டிரிப்ஸ் வழியாக ஈடுகட்டி, வாந்தியை அடக்கி, வேறு கிருமி புகாமல் ஆன்டிபயாடிக் கொடுத்து, குட்டியின் உடம்பு தானாக மீளும் வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. முதல் மூன்று நான்கு நாள் தாண்டிவிட்டால் நம்பிக்கை கூடும். ஒரு வாரம் வரை தினமும் போய்வர வேண்டியிருக்கும், செலவும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். இங்கே நண்பருக்கு ஒரே நாளில் பெரிய தொகை தேவையில்லை. முதல் நாள் பணமும், மறுநாள் காலை அவர் ஆபீஸ் போகும்போது குட்டியைக் கூட்டிப்போக ஓர் ஆளும்தான் தேவை. (உங்கள் வீட்டில் தடுப்பூசி முடியாத குட்டி இருந்தால் நீங்கள் அந்த ஆளாக இருக்காதீர்கள். பார்வோ செருப்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வரும், மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும்.)

கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்கு வரும் பயோமெட்ரா நேர்மாறு. பருவத்துக்கு வந்த சில வாரம் கழித்துக் கர்ப்பப்பையில் சீழ் கட்டிக்கொள்ளும். நாய் சோர்ந்து போகும், சாப்பிடாது, தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கும். பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் வழி, அதுவும் தள்ளிப்போடாமல். நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்வதும் அப்படித்தான், மணிக்கணக்கில் உயிர் போய்விடும். இங்கே முழுத் தொகையும் அன்றைக்கே வேண்டும். வாட்ஸ்அப்பில் வசூல் ஆரம்பித்து நாளை மாலைக்குள் பார்க்கலாம் என்பது இதற்குச் சரிவராது.

உண்ணிக் காய்ச்சல் நடுவில் இருக்கிறது. மாத்திரை நான்கு வாரம் வரை ஓடும், அது பெரிய செலவில்லை. ஆனால் ரத்தத் தட்டுகள் சரிந்து, ரத்தம் ஏற்ற வேண்டிவந்தால் பணத்தைவிட அவசரமாக இன்னொரு நாய் வேண்டும். 25 கிலோவுக்கு மேல் எடையுள்ள, தடுப்பூசி எல்லாம் போட்ட, ஆரோக்கியமான நாயை வைத்திருப்பவர் ஒருவரைத் தேடிப்பிடித்து மருத்துவமனைக்கு வரவைத்தால் அதுவே பெரிய உதவி. சிறுநீரகக் கோளாறுக்குச் செலவு முடிவதே இல்லை. மாதா மாதம் பரிசோதனை, மருந்து, தனி உணவு என்று போய்க்கொண்டே இருக்கும்.

ஆகவே பணம் எடுக்கும் முன் மருத்துவரிடம் நோயின் பெயரையும், எத்தனை நாள் ஆகும், மொத்தம் எவ்வளவு வரும் என்பதையும் கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பதறி நிற்பவர் இதைக் கேட்க மாட்டார், கூட இருப்பவர்தான் கேட்க வேண்டும்.

கொடுப்பதும் கைமாத்தும்

நம் ஊரில் பலரும் முதலில் சொல்வது "கைமாத்தா வச்சுக்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதுதான். வாங்குபவருக்கும் அது கௌரவமாக இருக்கிறது, சும்மா வாங்கினோம் என்ற கூச்சம் இல்லை. சம்பளத் தேதி நிச்சயமாகத் தெரிந்தவருக்கு, நாய் பிழைக்கும் என்று மருத்துவர் தைரியம் சொன்ன நேரத்தில், கைமாத்து நல்ல வழிதான்.

நாய் பிழைக்காமல் போனால்தான் கஷ்டம். வில்லாபுரம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர், சிப்பிப்பாறை நாயைக் காப்பாற்ற நண்பரிடம் கைமாத்து வாங்கினார். நாய் மூன்றாம் நாள் போய்விட்டது. கடன் கொடுத்தவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, நல்ல மனிதர். வாங்கியவர்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் டீக்கடையை மாற்றினார். இல்லாத நாய்க்காக மாதா மாதம் பணம் கட்டும்போது அந்த மூன்று நாளும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வரும். வீட்டில் வேறு "நாய்க்குப் போயி இவ்வளவா?" என்று கேட்பார்கள். இத்தனையையும் ஒரு தவணைக்கணக்கோடு சேர்த்து நண்பர் தலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் நான் சும்மா கொடுப்பதன் பக்கம்தான். திரும்பி வராவிட்டாலும் நம் வீட்டு மாதச் செலவு தடைபடாத அளவு எதுவோ அதை மட்டும், திரும்பக் கேட்காத பணமாக. பத்தாயிரம் கடனைவிட மூவாயிரம் அன்பளிப்பு நட்புக்கு நல்லது. அதை நண்பர் கையில் கொடுப்பதைவிட மருத்துவமனைக் கவுண்டரில் இருக்கும் கியூஆர் அட்டையில் நேராகச் செலுத்திவிடுவது இன்னும் நல்லது. நம்பிக்கை இல்லாததால் இதைச் சொல்லவில்லை. கையில் வாங்கும்போது இருக்கும் கூச்சம் குறையும், சிகிச்சையும் தாமதிக்காது.

கடனாகவே தருவதென்றால் வங்கி வழியாகவோ ஜிபேயிலோ அனுப்புங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. "நாய் என்ன ஆனாலும் இந்தத் தேதிக்குள்" என்றோ, "நாய் போய்விட்டால் பாதி போதும்" என்றோ முதலிலேயே பேசிவிடுங்கள். சங்கடமான பேச்சுதான், ஆனால் பிறகு பேசுவது இதைவிடச் சங்கடம்.

நகை, கார்டு, வட்டி

கையில் பணமில்லை, அறுவை சிகிச்சை இன்றே நடக்க வேண்டும் என்றால் புரட்டியாக வேண்டும். 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக்கு நகையை வைத்தால் மாதம் 300 ரூபாய். கிரெடிட் கார்டில் கட்டிவிட்டுக் கடைசித் தேதியைத் தவறவிட்டால், மாதம் மூன்றரை சதவீதம் என்ற கணக்கில் 1,050 ரூபாய், அதன்மேல் வரி வேறு. நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வெளியே வாங்கினால் மாதம் 3,000 ரூபாய், அசல் அப்படியே நிற்கும்.

இரவு பத்து மணிக்கு அடகுக் கடையோ வங்கியோ திறந்திருக்காது. அதனால் இரவில் கார்டு, காலையில் நகை என்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். கார்டில் அன்றிரவு கட்டிவிட்டு, கடைசித் தேதிக்குள் நகைக்கடன் எடுத்து அதை அடைத்துவிட்டால் கார்டு வட்டியே வராது. இன்றைய தங்க விலையில் ஒரு பவுன் சங்கிலியே இந்தத் தொகைக்குத் தாராளம். ஆனால் நண்பருக்காக உங்கள் வீட்டு நகையை வைப்பதென்றால் வீட்டில் சொல்லிவிட்டு வையுங்கள்.

நண்பர் மீட்டர் வட்டிக்கோ தண்டலுக்கோ போகப்போகிறார் என்று தெரிந்தால் அன்றைக்கு அதைத் தடுப்பதே பெரிய உதவி. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடை செய்திருக்கிறது. அப்படியும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், பதற்றத்தில் இருப்பவர் வாங்கிவிடுவார். ஐந்து நிமிடத்தில் கடன் என்று சொல்லிப் போனில் இருக்கும் எண்களை எல்லாம் உருவிக்கொள்ளும் போலிச் செயலிகளும் அதே ரகம்.

செல்லப்பிராணிக் காப்பீட்டை இந்த வரிசையிலேயே சேர்க்கவில்லை. ஏற்கனவே நோய் வந்த நாய்க்கு இன்று எடுத்து இன்று பயனில்லை.

வசூலும் இணையத் திரட்டலும்

நம் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் செய்முறை (மொய்) உண்டு, யார் எவ்வளவு செய்தார் என்று நோட்டும் உண்டு. நாய்க்கு முடியவில்லை என்பதற்கு அப்படி ஒரு வழக்கம் இல்லை. சொந்தக்காரர்கள் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாய்க்காகப் பணம் கேட்டால் கிடைக்கும் பணத்தைவிடப் பேச்சு அதிகம். கல்லூரி நண்பர்கள், கூட வேலை செய்பவர்கள், தெருவில் அந்த நாயைத் தெரிந்தவர்கள் என்று ஏழெட்டுப் பேருக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்புவது நன்றாக வேலை செய்யும். நாயின் படம், மருத்துவர் எழுதிய மதிப்பீடு, மருத்துவமனையின் கியூஆர், இந்த மூன்றும் போதும். அனுப்புவது நீங்களாக இருங்கள். அவரே கேட்பதற்கும் அவருக்காக நீங்கள் கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

பணம் நண்பர் கணக்குக்குப் போவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். வரிச் சட்டக் கணக்கில் நண்பர்கள் உறவினர் இல்லை. ஒரு நிதியாண்டில் அப்படி வரும் அன்பளிப்பு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானத்தில் சேரும்.

மிலாப், கெட்டோ போன்ற திரட்டல் தளங்களில் விலங்குகளுக்கும் பணம் கேட்கலாம். ஆவணம் சேர்த்து, சரிபார்ப்பு முடிந்து, தெரியாதவர்கள் பார்த்துப் பணம் போட்டு, அது கைக்கு வர நாளாகும். பயோமெட்ராவுக்கு இது உதவாது. சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய், பல அறுவை தேவைப்படும் விபத்து என்றால் இதுதான் பொருத்தம். தெரிந்த நாலு பேரை மாதா மாதம் கேட்க முடியாது.

தனியாரா, அரசா?

பலர் நினைத்தே பார்க்காத வழி இது. மதுரை தல்லாகுளத்தில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. அங்கே ஆகும் செலவு தனியாரோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு, இருப்பில் இல்லாத மருந்தை வெளியே வாங்க வேண்டிவரும். நாளெல்லாம் டிரிப்ஸ் போட்டுப் பக்கத்தில் இருந்து பார்க்கும் வசதி, ராத்திரி நேரம், இவற்றுக்குத் தனியார்தான் கைகொடுக்கும். பார்வோ குட்டிக்கு முதல் இரவு தனியார், நிலைமை தெளிந்த பிறகு தினசரி ஊசிக்கு அரசு மருத்துவமனை என்று பிரித்துக்கொண்டால் மொத்தச் செலவு கணிசமாகக் குறையும். போகும் முன் மருத்துவர் இருக்கும் நேரத்தைப் போனில் கேட்டுக்கொள்ளுங்கள், ஏற்கனவே எடுத்த பரிசோதனைத் தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.

எலும்பு முறிவு, கட்டி மாதிரி ஓரிரு நாள் பொறுக்கக்கூடியவற்றுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போகலாம். நான்குவழிச் சாலையில் மூன்று மணி நேரம். மூச்சு வாங்கும் நாயை இத்தனை தூரம் கொண்டுபோகக் கூடாது. கார் வைத்திருப்பவர் ஒரு நாள் லீவு போட்டு ஓட்டினால் அது சில ஆயிரம் ரூபாய்க்குச் சமம்.

இந்த எல்லா வழியிலும் ஒரு கட்டத்தில், இனி சிகிச்சையைத் தொடர்வதா, வலியில்லாமல் அனுப்பிவைப்பதா என்ற கேள்வி வரலாம். அந்த முடிவில், எவ்வளவு கொடுத்திருந்தாலும், பணம் கொடுத்தவருக்குப் பங்கில்லை. "இவ்வளவு செலவு பண்ணியாச்சு, விட்டுறாத" என்றும் சொல்லக் கூடாது, "போதும் மாப்ள" என்றும் சொல்லக் கூடாது. மருத்துவர் அறைக்குள் கூடப் போய், பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு, இப்போது அதற்கு எவ்வளவு வலி, தொடர்ந்தால் இன்னும் எத்தனை நாள், எவ்வளவு ஆகும் என்று நண்பர் கேட்க மறந்ததை நீங்கள் கேளுங்கள். பதிலை அவர் தன் காதால் கேட்டுக்கொள்ளட்டும்.